பெருங்குடி குப்பைமேட்டில் மாடு மேய்ந்தது. பாலில் விஷம் ஏறியது!

சென்னை, பெருங்குடியில் மலை போல் குவிந்து கிடந்த குப்பைமேடு கரைந்து வருகிறது. பழைய குப்பையை மெஷின் வைத்துச் சலித்து, தரம் பிரித்து அப்புறப்படுத்துகிறது மாநகராட்சி. சுமார் 200 ஏக்கர் நிலத்தை மீட்கும் வேலை இது. நல்ல காரியம்தான்!

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. குப்பை போச்சு, சரி. அது எரிந்தபோது கிளம்பிய விஷமும் போச்சா?

இப்படிக் கேட்கக் காரணம் ஒரு பல்கலைக்கழகம். அது சென்னையில் இல்லை. ஜப்பான் நாட்டில், மத்சுயாமா நகரில் இருக்கும் எஹிமே பல்கலைக்கழகம்!

ஜப்பானியர் கண்ட உண்மை

பேராசிரியர் ஷின்சுகே டனாபேயின் குழுவினர் இந்தியா, கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் ஆகிய 4 நாடுகளின் குப்பைமேடுகளை ஆராய்ந்தார்கள். இந்தியாவில் அவர்கள் எடுத்துக்கொண்ட இடம் நம்ம பெருங்குடி.

முதலில் மண்ணைச் சோதித்தார்கள். முடிவு 2003-ல் வெளியானது. குப்பைமேட்டு மண்ணில் ‘டயாக்சின்’ என்ற கொடிய நஞ்சு இருந்தது.

அடுத்து தாய்ப்பால். 2004-ல் வெளியான அந்த முடிவுதான் அதிர்ச்சி! குப்பைமேட்டை ஒட்டி வசித்த தாய்மாரின் பாலில், தொலைவில் வசித்த தாய்மாரைவிட டயாக்சின் அதிகம். மற்ற 3 நாட்டுத் தாய்மாரைவிடவும் அதிகம்!

எப்படி வந்தது?

பிளாஸ்டிக் கலந்த குப்பை திறந்த வெளியில் புகைந்து எரிந்தால் டயாக்சின் உண்டாகும். புகையோடு போய் மண்ணில் படியும். அங்கே மேயும் மாட்டின் வயிற்றுக்குள் போகும். இந்த நஞ்சு தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் தங்கும். பாலில் கொழுப்பு உண்டு.

அந்தப் பகுதி மாட்டுப் பாலையும் அவர்கள் சோதித்தார்கள். அதிலும் அளவு அதிகம்! ஆக, நஞ்சு வந்த வழிகளில் ஒன்று பால் சொம்பாக இருக்கலாம் என்று சொன்னார்கள்.

ஒரு கொலை கேசில் கைரேகை நிபுணர், மோப்ப நாய், போஸ்ட்மார்ட்டம் டாக்டர் எல்லாரும் சேர்ந்தால்தான் துப்பு துலங்கும். இதுவும் அப்படித்தான். மண்ணைப் பார்ப்பவர் தனி, மாட்டைப் பார்ப்பவர் தனி, தாய்மாரைப் பார்க்கும் டாக்டர் தனி என்று போயிருந்தால் இந்த முடிச்சு அவிழ்ந்திருக்காது.

தாய்மார்கள் பயப்பட வேண்டாம். இதைப் படித்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலின் நன்மையே பெரிது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பயப்பட வேண்டியது குப்பைக்குத் தீ வைப்பவர்கள்தான்.

இன்னும் தீரவில்லை

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. மனித உடம்பில் புகுந்த டயாக்சின் பாதியாகக் குறையவே 7 முதல் 11 வருஷம் ஆகும். 2022 ஏப்ரலில் இதே குப்பைமேடு பற்றி எரிந்து, சுற்றுவட்டாரமே புகையில் மூச்சுத் திணறியது நினைவிருக்கலாம். அதே வருஷம்தான் பக்கத்துப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு ‘ராம்சார்’ என்ற சர்வதேச அந்தஸ்தும் கிடைத்தது.

குப்பையைச் சலித்தால் பிளாஸ்டிக் தனியாக வரும், கல் தனியாக வரும். டயாக்சின் வராது. அது மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டிருக்கும். சலித்த மண்ணைப் பள்ளம் மூடக் கொண்டுபோவது இந்த வேலையில் வழக்கம். அந்த மண் எந்த ஊர்ப் பள்ளத்துக்குப் போகிறதோ, நஞ்சும் அங்கே போகும்.

செய்ய வேண்டியது என்ன? மண்ணைச் சோதிக்க கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் இருக்கின்றன. மாட்டுக்கு வேப்பேரி கால்நடைக் கல்லூரி. மனிதருக்கு சென்னை மருத்துவக் கல்லூரி. எல்லாம் ஒரே ஊரில், சில மைல் தூரத்தில்!

இவர்களை ஒரே மேஜையில் உட்கார வைத்து, பெருங்குடி மண்ணையும் மாட்டுப் பாலையும் மறுபடி சோதித்து, முடிவைத் தமிழில் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அதுவரை சலித்த மண் ஒரு லாரிகூட வெளியே போகக் கூடாது. மாநகராட்சி செய்யுமா?