விமானத் தொழிலுக்கு ஒரு நீதி, தோட்டத் தொழிலுக்கு ஒரு நீதியா?

பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,750 ரூபாவாக உயர்த்தப்படும் என 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இந்த உயர்வில் 200 ரூபாவைக் கம்பனிகள் அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்க வேண்டும். எஞ்சிய 200 ரூபா, நாள்வருகைக்கான ஊக்குவிப்புக் கொடுப்பனவு என்ற பெயரில் அரசாங்கத்தின் திறைசேரியிலிருந்து வரும். இதற்கென 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது.

இவ்வறிவிப்பைத் தோட்ட மக்கள் வரவேற்றனர். வரவேற்காமல் என்ன செய்வார்கள்? 2024 ஏப்ரல் இறுதியில் 1,700 ரூபா என வர்த்தமானியில் வெளியான தொகை, நீதிமன்றப் படியேறி, அதே ஆண்டு செப்டெம்பரில் 1,350 ரூபாவாக மெலிந்து வந்ததை அவர்கள் மறந்துவிடவில்லை. எனினும், தனியார் கம்பனிகளின் சம்பளச் செலவில் ஒரு பங்கை நாட்டின் வரிப்பணம் ஏன் சுமக்கவேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பே. சந்தைப் பொருளாதாரத்தில் இத்தகைய உதவிக்கு இடமில்லை என்பாரும் உளர்.

இக்கேள்விக்கு விடைகாண, பிரித்தானியா தனது விமான உற்பத்தித் தொழிலை நடத்திவந்த விதத்தை நாம் நோக்குவது பயன் தரும். புளத்கொகுபிட்டியவின் இறப்பர் மலைகளுக்கும் டார்பி நகரின் விமான இயந்திரத் தொழிற்சாலைக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வியக்கக்கூடும். சந்தைப் பொருளாதாரத்தின் தாயகம் எனப் பெருமை பேசும் அந்நாடு, தான் இழக்க விரும்பாத ஒரு தொழிலுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசுப் பணத்தை வழங்கி வந்திருக்கிறது. அதுமட்டுமன்றி, அங்கு விமானத் தொழிலும் இங்கு தோட்டத் தொழிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அரசின் கைக்கு வந்து, ஒரே காலத்தில் தனியாரிடம் சென்றவை.

1971 பெப்ரவரி 4ஆம் திகதி றோல்ஸ் றொய்ஸ் நிறுவனம் வங்குரோத்து நிலையை அடைந்தது. லொக்ஹீட்டின் ட்ரைஸ்டார் விமானத்துக்கென அது உருவாக்கிவந்த ஆர்.பி. 211 இயந்திரத்தின் செலவு மதிப்பீட்டை மீறிச் சென்றமையே காரணம். நலிந்த தொழில்களை அரசு தாங்கிப்பிடிக்காது என்ற கொள்கையோடு 1970இல் பதவிக்கு வந்த எட்வேர்ட் ஹீத்தின் கொன்சவேட்டிவ் அரசாங்கம்தான் அந்நிறுவனத்தின் விமான இயந்திரப் பிரிவை அரசுடைமையாக்கியது. கொள்கை ஒருபுறம் இருக்க, நாட்டின் தேவை மறுபுறம் இழுத்தது. கைவிடப்பட்டிருக்கக்கூடிய அந்த இயந்திரம்தான் பின்னர் எயார் லங்காவின் ட்ரைஸ்டார் விமானங்களைக் கட்டுநாயக்கவிலிருந்து மேலெழச் செய்தது. அதன் வழிவந்த ட்ரென்ட் இயந்திரங்களே ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் ஏ-330 விமானங்களில் உள்ளன. மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற எமது தோட்டப்புறப் பெண்களில் எத்தனையோ பேர் அந்த இயந்திரங்களின் ஒலியைக் கேட்டபடியே கடல் கடந்தனர்.

றோல்ஸ் றொய்ஸ் அரசுடைமையான மறு ஆண்டில் இங்கு காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் ஸ்ரேலிங் கம்பனிகளின் தோட்டங்களும் அரசின் உடைமையாயின. ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. அக்காலத்துப் பஞ்சத்தையும் தோட்டங்களை விட்டு விரட்டப்பட்ட குடும்பங்களின் அவலத்தையும் இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. முதியோர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர்.

1987இல் மார்கிரட் தட்சரின் அரசாங்கம் றோல்ஸ் றொய்ஸைத் தனியாருக்கு விற்றது. 1992இல் இலங்கை அரசாங்கம் தோட்டங்களை 22 பிராந்தியக் கம்பனிகளாகப் பிரித்து, முதலில் முகாமைத்துவத்தையும், 1995 முதல் பெரும்பான்மைப் பங்குகளையும் தனியாரிடம் கொடுத்தது. காணி விற்கப்படவில்லை, 2045 வரை 53 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. இரு அரசாங்கங்களும் விற்ற நிறுவனங்களில் ஒரேயொரு விசேட பங்கைத் தம்மிடம் வைத்துக்கொண்டன. அதற்குத் தங்கப் பங்கு என்று பெயர். றோல்ஸ் றொய்ஸ் பிறநாட்டார் கட்டுப்பாட்டுக்குள் சென்றுவிடாமல் காக்கும் கருவியாக லண்டன் அதை இன்றுவரை வைத்திருக்கிறது. எமது தோட்டக் கம்பனிகளின் தங்கப் பங்கு திறைசேரிச் செயலாளரின் கையில் உள்ளது.

இனி, பிரித்தானியா பணம் கொடுத்த முறையைப் பார்ப்போம். 1984இல் ஏ-320 விமானத்தின் இறக்கைகளைத் தயாரிப்பதற்காக பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்கு 250 மில்லியன் பவுண் வழங்க அரசாங்கம் இணங்கியது. இது நன்கொடையன்று; வங்கிக் கடனும் அன்று. விமானம் விற்பனையாகும் ஒவ்வொரு தடவையும் ஒரு தொகை அரசுக்குச் சேரவேண்டும் என்பது உடன்பாடு. விமானம் விற்காவிட்டால் அரசுக்கு நட்டம். நன்கு விற்றால் கொடுத்த முதலுக்கு மேலும் வருமானம். ஏ-320 உலகெங்கும் ஆயிரக்கணக்கில் விற்பனையாயிற்று. கொடுத்த பணம் இலாபத்தோடு திரும்பிற்று. 2000ஆம் ஆண்டில் இதே முறையில் ஏ-380 மாபெரும் விமானத்துக்கு 530 மில்லியன் பவுண் வழங்க முடிவானது. அவ்விமானமோ 251 உடன் 2021இல் முடிவுக்கு வந்துவிட்டது. ஆகவே இது எப்போதும் வெல்லும் பந்தயமன்று. ஆனால் வட வேல்ஸின் புரோட்டனில் எயார்பஸ் விமானங்களுக்கான இறக்கைகள் இன்றும் தயாராகின்றன. அந்த ஊரின் இளைஞர்கள் பயிலுநர்களாகச் சேர்ந்து தொழில் கற்கின்றனர். 2013இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலும், 2026 வரையான 3.9 பில்லியன் பவுணை அரசும் தொழில்துறையும் சேர்ந்தே போடுவதென ஏற்பாடு செய்யப்பட்டது. கம்பனி தன் பையிலிருந்து எடுத்து வைத்தால்தான் அரசின் பங்கு வரும்.

இதனால் பிரித்தானியாவை உத்தமராக நாம் கருதிவிடக்கூடாது. எயார்பஸுக்கு ஐரோப்பிய அரசுகள் வழங்கிய உதவி நியாயமற்றது என அமெரிக்கா 2004இல் உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. போயிங் நிறுவனமும் அவ்வாறே அரசு உதவி பெற்றது என்பதும் அங்கேயே நிரூபணமாயிற்று. 2020இல் கொவிட் பெருந்தொற்றின்போது, றோல்ஸ் றொய்ஸ் பெற்ற 2 பில்லியன் பவுண் கடனில் 80 சதவீதத்துக்கு அரசின் ஏற்றுமதி நிதி நிறுவனம் உத்தரவாதம் அளித்தது. அதே ஆண்டில்தான் 9,000 வேலைகளைக் குறைப்பதாக அக்கம்பனி அறிவித்தது.

அந்த ஏற்றுமதி நிதி நிறுவனத்தின் கதை எம்மையும் தொடுகிறது. பிரித்தானியப் பொருளை வாங்கும் அந்நிய நாட்டுக்குக் கடன் உத்தரவாதம் அளிப்பது அதன் பணி. 2013இல் ஸ்ரீலங்கன் நிறுவனம் ஆறு ஏ-330 விமானங்களையும் நான்கு ஏ-350 விமானங்களையும் வாங்க எயார்பஸுடன் உடன்பாடு செய்தது. 2020 ஜனவரியில் லண்டன் நீதிமன்றத்தில் எயார்பஸ் ஏற்றுக்கொண்ட விவரங்களின்படி, இக்கொள்வனவு தொடர்பாக ஸ்ரீலங்கன் அதிகாரி ஒருவரின் மனைவியோடு தொடர்புடைய கம்பனிக்கு ஏறத்தாழ 16.8 மில்லியன் டொலர் வரை வாக்களிக்கப்பட்டு, 2 மில்லியன் டொலர் கொடுக்கப்பட்டது. இடைத்தரகர் யார் என அரசின் நிதி நிறுவனம் கேட்டபோது, வேறொரு பெயரும், பெண்ணை ஆணாக்கிய விவரமும் தரப்பட்டனவாம்! பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்கும் எயார்பஸ் செலுத்த நேர்ந்த தொகை 3.6 பில்லியன் யூரோ. இலங்கைக்கு அத்தீர்ப்பில் இழப்பீடு எதுவும் இல்லை. ஸ்ரீலங்கனின் பல நூறு பில்லியன் ரூபா நட்டமோ இந்நாட்டு மக்களின் தலையில் விழுந்தது. மாவுக்கும் சீனிக்கும் வரி செலுத்தும் தோட்டத் தொழிலாளியின் தலையும் அதில் ஒன்று.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தரகர் யார் என்ற கேள்வி அங்கு கேட்கப்பட்டது. பொய் வெளிப்பட்டதும் 2016இல் உதவி நிறுத்திவைக்கப்பட்டது, விசாரணை தொடங்கிற்று. பணம் கொடுப்பவன் கேள்வி கேட்கிறான்.

இங்கு கேள்வி கேட்கும் வழக்கம் இல்லையா? உண்டு, சிறியவர்களிடம் உண்டு. கேகாலை மாவட்டம் இறப்பருக்குப் பெயர்பெற்றது. இங்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்ட உடைமையாளர் மீள்நடுகை மானியம் பெற விரும்பினால், இறப்பர் அபிவிருத்தித் திணைக்கள உத்தியோகத்தர் வந்து காணியைப் பார்க்கிறார், குழியைப் பார்க்கிறார், கன்று வளர்ந்திருக்கிறதா எனப் பார்க்கிறார். பார்த்த பின்னரே அடுத்த தவணைப் பணம் கிடைக்கிறது. இது சரியான முறை என்றே நாம் கருதுகிறோம். இறப்பர்த் தொழிலே அரசின் துணையில் பிறந்ததுதான். 1876இல் பிரேசிலிலிருந்து வந்த விதைகளுக்குப் பணம் கொடுத்ததும், கியூ பூங்காவில் முளைத்த கன்றுகளை ஹெனரத்கொடவுக்கு அனுப்பியதும் பிரித்தானிய அரசே. விமானம் தரையைத் தொடும்போது ஏற்படும் வெப்பத்தையும் பாரத்தையும் தாங்க அதன் டயர்களுக்கு இன்றும் இயற்கை இறப்பரே வேண்டும். அத்தகைய பொருளின் உற்பத்தி, 2011இல் ஒன்றரை இலட்சம் தொன்னைக் கடந்திருந்தது, அண்மைய ஆண்டுகளில் அதன் அரைவாசி அளவுக்கு இறங்கிவிட்டது. முதிர்ந்த மரங்களும், 2019 முதல் பரவிய இலை நோயும், மழையும், பால்வெட்ட ஆளின்மையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவற்றுள் மழையைத் தவிர மற்றவற்றை முதலீட்டால் ஓரளவேனும் சீர்செய்யலாம்.

ஓர் ஏக்கர்க்காரரிடம் கேட்கும் கேள்வி, ஆயிரக்கணக்கான ஹெக்டேயரைக் குத்தகைக்கு வைத்திருக்கும் கம்பனியிடம் கேட்கப்படுகின்றதா? கேட்பதற்கான உரிமை இல்லாமலில்லை. தங்கப் பங்கின் பேரில் இரு வார முன்னறிவித்தலுடன் கம்பனியின் கணக்குப் புத்தகங்களைப் பரிசோதிக்கலாம். காலாண்டு அறிக்கையை 60 நாட்களுக்குள் பெறலாம். தோட்டக் காணியை உபகுத்தகைக்கு விடுவதாயின் திறைசேரியின் ஒப்புதல் வேண்டும். இத்தனை அதிகாரம் கையிலிருந்தும், அது பயன்பட்டதாகத் தோட்டத்தில் வாழும் எவரும் உணர்ந்ததில்லை. தொடக்க ஆண்டுகளில் தோட்டமொன்றுக்கு ஆண்டுக்கு 500 ரூபா என்ற பெயரளவுக் குத்தகையே அறவிடப்பட்டது என்பதை நினைத்தால், அரசு தன் சொத்தை எவ்வளவு இலகுவாக மதித்தது என்பது விளங்கும்.

இப்போது வரும் 200 ரூபாவைப் பாருங்கள். இது நாள்வருகைக்கான கொடுப்பனவு. தொழிலாளி வேலைக்கு வந்தால் பணம் உண்டு, வராவிட்டால் இல்லை. கம்பனியும் தன் பங்காக 200 ரூபா தரவேண்டும் என்பது மெய்தான். ஆயினும் அரசின் 200 ரூபாவுக்கு நிபந்தனை விதிக்கப்பட்டிருப்பது தொழிலாளியின் மேல். வேலைநாளைத் தீர்மானிப்பது யார்? தோட்ட நிர்வாகம். சப்ரகமுவவில் மழை பெய்யும் காலையில் பால்வெட்டு இல்லை. வேலை இல்லாத நாளில் அந்த 200 ரூபாவும் இல்லை. மாதத்தில் இத்தனை நாள் வேலை தரவேண்டும், ஆண்டுக்கு இத்தனை ஹெக்டேயர் மீள்நடுகை செய்யவேண்டும் என்று கம்பனிக்கு விதிப்பதே, அரசின் பணத்துக்கு ஈடாகக் கேட்கத்தக்கது. பிரித்தானியா விமானக் கம்பனிகளிடம் விற்பனையில் பங்கு கேட்டது. நாம் அந்த அளவுக்குப் போகவில்லை.

காணியையும் கேட்கலாம். 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாட்களில், புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு லயன் அறைகளை மூடி உயிர்களைக் குடித்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியும் கேகாலை மாவட்டத்தை விட்டுவைக்கவில்லை. ஆபத்தான சரிவுகளில் உள்ள குடும்பங்களுக்கு வீடு கட்டப் பணம் கிடைத்தாலும், பாதுகாப்பான நிலம் கம்பனியின் குத்தகைக்குள் இருக்கிறது. நிலமோ அரசினுடையது. சம்பளத்தின் ஒரு பகுதியைத் தாமே கொடுக்கத் துணிந்த ஆட்சியாளர்கள், தமக்கே சொந்தமான நிலத்தில் குடும்பமொன்றுக்குச் சில பேர்ச்சுகளை விடுவிக்கும்படி கூறத் தயங்கவேண்டிய அவசியம் என்ன?

குத்தகை முடிய இன்னும் இருபது ஆண்டுகள் கூட இல்லை. இன்று நடப்படும் இறப்பர்க் கன்று பால்வெட்டுக்கு வர ஆறு, ஏழு ஆண்டுகளாகும். அதன்பின் இரண்டு தசாப்தங்களுக்கு மேல் பால் தரும். அதாவது மரத்தின் ஆயுள் குத்தகையின் ஆயுளைக் கடந்து நிற்கும். இந்நிலையில் மீள்நடுகைக்குப் பணம் போட எந்தக் கம்பனியும் தயங்கும்; அதைக் குறையாக மட்டும் சொல்லமுடியாது. குத்தகையை நீடிக்கும் பேச்சுக்குக் கம்பனிகள் வரும் நாளில், கடந்த காலாண்டுகளின் கணக்குகளும், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையும், விடுவித்த நிலத்தின் அளவும், அரசு கொடுத்த 200 ரூபாக்களின் மொத்தத் தொகையும் திறைசேரியின் மேசையில் இருக்கவேண்டும். அக்கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் புளத்கொகுபிட்டிய பிரதேச செயலகத்தின் அறிவித்தற் பலகையிலும் ஒட்டப்படவேண்டும்.