எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை

பழைய கணினியைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதை ஓட்ட வேண்டும். என்னிடம் இருப்பது பிபிசி மைக்ரோ. பிரிட்டனில் ஏகார்ன் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்தது; நினைவகம் 32 கிலோபைட். சுவிட்சைப் போட்டால் தாழ்ந்த ஒலி ஒன்று, உடனே உயர்ந்த ஒலி ஒன்று. அடுத்த நொடியே பேசிக் மொழியில் நிரல் எழுதலாம், காத்திருக்கவே வேண்டாம். 1980-களில் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டம் நம் பள்ளிகளுக்குக் கொண்டுவந்ததும் இதே இயந்திரம்தான்.

ஆனால், பல வருடம் சும்மா கிடந்ததை எடுத்த எடுப்பில் கரண்டில் சொருகாதீர்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டரின் மேலுறை வயதானால் மயிர்க்கோடாக விரிசல் விடும், உள்ளே ஈரம் ஏறும். மின்சாரம் பாய்ந்ததும் புகை கக்கும். அந்த நாற்றம் லேசில் போகாது. விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து முதலில் அதை மாற்றுங்கள். செலவு சொற்பம்.

இயந்திரத்தைவிட, அதோடு பயன்படுத்திய கேசட்டுகளைக் காப்பாற்றுவதுதான் அவசரம். அவற்றில் நிரல்கள் ஒலியாகவே பதிவாகியுள்ளன; இன்றைய கணினியில் ஒலிக்கோப்பாக எடுத்துவிடலாம். பூஞ்சை பிடித்தால் போயிற்று.

தலைமையாசிரியர்களே, ஸ்டோர் ரூமைத் திறந்து பாருங்கள். இயந்திரமோ கேசட்டோ கிடைத்தால் காயலான் கடைக்கு அனுப்பாமல், ஓட்டத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.