பாசறை இல்லாத முல்லை

‘அமரன்’ குறித்து இனியும் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். 2024 அக்டோபர் 31, தீபாவளியன்று வெளிவந்த படம்; 300 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியதாகச் சொல்லப்பட்ட படம்; ஆதரித்தோர் ஆதரித்து, எதிர்த்தோர் எதிர்த்து ஓய்ந்துவிட்ட படம். நாம் தாமதமாகத்தான் வருகிறோம். ஆனால் அந்த ஆரவாரத்தில் இரு தரப்பாருமே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. முல்லைப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அது நம்மை வந்து தொந்தரவு செய்கிறது. ஆகவே இக்கட்டுரை.

அன்று நடந்த சண்டையை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். மேஜர் முகுந்த் வரதராஜனின் சாதியைப் படம் ஏன் சொல்லவில்லை என்று ஒரு சாரார் கேட்டனர். இந்தியன், தமிழன் என்ற அடையாளமே போதும் என்பது குடும்பத்தாரின் விருப்பம் என இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி விளக்கமளித்தார். காஷ்மீர் முஸ்லிம்கள் கல்லெறிபவர்களாகவும் துப்பாக்கி தூக்குபவர்களாகவும் மட்டுமே வருகிறார்கள் என்று மற்றொரு சாரார் சென்னையில் ஆர்ப்பாட்டம் நடத்தினர். முதல் கேள்வி வெறும் வம்பு. இரண்டாவதில் நியாயம் உண்டு. அது தனிக் கட்டுரைக்குரியது. இங்கே நாம் கவனிக்க விரும்புவது வேறு. நாயகன் எவருக்குச் சொந்தம், எதிரி யார் என்பதோடு இரு தரப்பாரின் அக்கறையும் தீர்ந்துபோயிற்று. நாயகனுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு படுத்திருந்தவன் யார், எந்த ஊர்க்காரன், எந்த மொழியில் கனவு கண்டான் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாதபடி படமும் எடுக்கப்பட்டிருந்தது. நம் புகார் அதுதான்.

தாம்பரத்துக்காரர்களாகிய நமக்கு இப்படத்தின் மீது ஒரு கூடுதல் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். முகுந்த் கிழக்குத் தாம்பரத்து வீட்டுப்பிள்ளை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் படித்தவர். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்று 2006இல் ராஜ்புத் ரெஜிமெண்டில் அதிகாரியானவர். 2014 ஏப்ரல் 24 அன்று தமிழ்நாடு முழுவதும் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. மறுநாள், நம் விரல் மை காயும் முன்பே, ஷோபியான் மாவட்டத்துக் காஜிபத்ரி கிராமத்தில் அவர் உயிர் நீத்தார். 2015 குடியரசு நாளில் அவருக்கு அசோகச் சக்கரம் அளிக்கப்பட்டது. அவருடைய வீரத்தைப் பற்றி இங்கே கேள்வியே இல்லை. நாம் பேசுவது படத்தைப் பற்றி.

படத்தில் நமக்கு மிகவும் பிடித்தது அதன் சொல்லும் முறை. மனைவி இந்து ரெபெக்கா வர்கீஸின் நினைவாகவே கதை விரிகிறது. சாய் பல்லவி காத்திருக்கிறார். தொலைபேசி மணிக்குக் காத்திருக்கிறார், விடுப்புக்குக் காத்திருக்கிறார், கடைசியில் வரக்கூடாத செய்திக்கும் காத்திருக்கிறார். போருக்குப் போனவனை எண்ணி ஆற்றியிருத்தல் முல்லை ஒழுக்கம் என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்கிறோம். இயக்குநர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, தமிழ்த் திரையில் வந்த நல்ல முல்லைக் காட்சிகளில் சில இப்படத்தில் உள்ளன. ஆனால் முல்லைப்பாட்டு அத்தோடு நிற்பதில்லையே.

பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு, 103 அடிகள். அதில் பாதிக்குக் குறையாமல் நப்பூதனார் பாசறைக்கு ஒதுக்கிவிட்டார். காட்டை வெட்டி, முள்வேலியிட்டு, தழை வேய்ந்த குடில்கள் அமைத்த அந்தப் பாசறையில் யார் யார் இருக்கிறார்கள்? கரும்பும் கதிரும் கலந்த கவளத்தைத் தின்னாமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடம் பிடிக்கும் யானைக்கு வடமொழிச் சொல் சொல்லி ஊட்டும் இளைஞர்கள். இடுப்பில் சிறு வாளோடு விளக்கேற்றித் திரியும் பெண்கள். தூக்கம் கண்ணைச் சொக்க, காற்றில் அசையும் பூங்கொடியைப் போல ஆடிக்கொண்டே காவல் நடக்கும் முதிய மெய்காப்பாளர்கள். நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுது சொல்வோர். சட்டை அணிந்த யவனர். அவர்களுக்கும் உள்ளே, வாயால் பேசாமல் உடம்பால் பேசும் மிலேச்சர். ஒருவன் பேச்சு மற்றவனுக்குப் புரியாத கூட்டம். இத்தனை பேரையும் காட்டிய பிறகே புலவர் அரசனிடம் வருகிறார். அந்த அரசனும் வாளைச் சுழற்றிக்கொண்டிருக்கவில்லை. உறக்கமின்றிக் கிடந்து, அடிபட்ட யானைகளையும், மாண்ட வீரர்களையும், அம்பு தைத்த வலியில் செவி சாய்த்துத் தீனி எடுக்காமல் நிற்கும் குதிரைகளையும் நினைத்துக்கொண்டிருக்கிறான். நெடுநல்வாடையிலும் இதுவே: வாடைக்காற்றடிக்கும் நள்ளிரவில், வேப்பந்தழை செருகிய வேலை ஏந்தியவன் புண்பட்டோரை ஒவ்வொருவராகக் காட்ட, அரசன் அவர்களிடையே நடக்கிறான்.

(இவ்விடத்தில் ஓர் உள்ளூர்ப் பெருமை. இந்த முல்லைப்பாட்டுக்கு 1903இல் ஆராய்ச்சியுரை வெளியிட்ட மறைமலையடிகள் அப்போது கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர், பின்னாளில் பல்லாவரத்துவாசி. கல்லூரி அன்று கடற்கரைப் பக்கம் இருந்தது, 1937இல்தான் தாம்பரம் வந்தது என்றாலும், முகுந்த் படித்த கல்லூரிக்கும் முல்லைப்பாட்டுக்கும் உறவு இருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது.)

இனி ‘அமரன்’ படத்தின் பாசறையைப் பாருங்கள். முகுந்த் கடைசியாகப் பணியாற்றியது 44ஆம் ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் பட்டாலியனில். 1990இல் உருவாக்கப்பட்ட இப்படையின் அமைப்பே விசித்திரமானது. ஒரு பட்டாலியனில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒரு காலாட்படை ரெஜிமெண்டிலிருந்து வருவர். மற்றவர்கள் பீரங்கிப்படை, சிக்னல்ஸ், பொறியாளர் பிரிவு என்று பல இடங்களிலிருந்தும் சில ஆண்டுகளுக்கு மட்டும் அனுப்பப்படுவர். நேற்றுவரை கம்பியில்லாத் தந்தியைக் கவனித்தவனும் லாரி ஓட்டியவனும் இன்று ஒரே மலைச்சரிவில் ஒருவன் முதுகை ஒருவன் காக்க வேண்டும். பொருந்தாதவர்களைக் கொண்டே கட்டிய படை அது. அந்தப் படைக்கு அதிகாரியாக ஒரு தாம்பரத்துத் தமிழர் போகிறார்; அதுவும் ராஜ்புத் ரெஜிமெண்டுக்காரராக, கேரளத்துக் கிறித்தவப் பெண்ணை மணந்தவராக. எத்தனை வளமான கரு! அவர்களிடையே முதல் மாதம் என்ன நடந்திருக்கும்? யார் யாரைச் சந்தேகித்தார்கள்? எந்தக் கணத்தில் அவர் பின்னால் போகலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது? படம் இவற்றைச் சில நொடிச் சிரிப்பிலும் ஒரு கோஷத்திலும் கடந்துவிடுகிறது. காஜிபத்ரியில் முகுந்துடன் உயிர்நீத்த சிப்பாய் விக்ரம் சிங்காகப் புவன் அரோரா வருகிறார்; முகம் நினைவில் நிற்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நாயகனை நேசிப்பது ஒன்றே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. நாயகன் இல்லாத இடத்தில் அவர் என்ன செய்வார் என்று நாம் யோசிக்கவே முடிவதில்லை. பிற சிப்பாய்களுக்கு அந்த அளவும் இல்லை.

ஒருவரின் வாழ்க்கை வரலாற்றில் மற்றவர்களுக்கு எப்படி இடம் கொடுப்பது என்பார்கள். இந்தச் சமாதானம் நமக்கு ஏற்புடையதன்று. ஒரு படைத்தலைவனின் வாழ்க்கை வரலாறு என்பதே அவன் மற்றவர்களோடு என்ன செய்தான் என்பதுதான். தனியாகச் சண்டையிடுவதுதான் பெருமை என்றால் அவருக்குப் பட்டாலியன் எதற்கு? உடனிருந்தவர்களைச் சிறிதாக்கினால் நாயகன் பெரிதாவான் என்பது நட்சத்திர வியாபாரத்தின் கணக்கு. ஒரு நட்சத்திரத்தின் சம்பளம் ஒரு பிளட்டூனையே விழுங்கிவிடுகிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

இது இன்று வந்த நோயும் அன்று. 1962 சீனப்போர் முடிந்த சூட்டோடு, 1963இல், தாதா மிராசி இயக்கத்தில் ‘இரத்தத் திலகம்’ வந்தது. சிவாஜியும் சாவித்திரியும் நடித்த அப்படத்தில் காதல் நினைவிருக்கிறது. கண்ணதாசன் கோப்பையோடு தோன்றிய பாட்டு நினைவிருக்கிறது. பனிமலையில் உடனிருந்த சிப்பாய் ஒருவரையாவது எவருக்கேனும் நினைவிருக்கிறதா? அதே போரை வைத்து அடுத்த ஆண்டு சேதன் ஆனந்த் இந்தியில் எடுத்த ‘ஹகீகத்’ பின்வாங்கும் ஒரு சிறு கூட்டத்தின் படம். அங்கே குளிரும் களைப்பும் வீட்டு ஞாபகமும் பலருக்கும் பங்கிடப்பட்டிருந்தன. தமிழில் விதிவிலக்கு என்று சொல்லத்தக்கது எஸ்.பி. ஜனநாதனின் ‘பேராண்மை’ (2009). ஒருவரையொருவர் சகிக்காத ஐந்து மாணவிகளும், அவர்கள் சாதி சொல்லி இழிவுபடுத்திய பழங்குடி வனக்காவலரும் மலைக்காட்டில் ஒன்றாக உயிர் பிழைக்க வேண்டியிருக்கிறது. சோவியத் நாவலாசிரியர் போரிஸ் வசீலியெவிடமிருந்து கரு வந்தது என்பதைக் குறையாக நாம் கருதவில்லை. ஆனால் அவர்கள் என்.சி.சி. மாணவிகள். உண்மையான சிப்பாய்களைப் பற்றி அப்படி எடுக்கும் துணிவு இங்கே வரவில்லை.

மற்ற நாட்டார் எதிரிகளைக்கூட ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1940இல் நார்வே மலையில் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்திய ஜெர்மானிய, பிரிட்டிஷ் விமானிகள் ஒரே குடிசையில் ஒதுங்க நேர்ந்த உண்மைச் சம்பவம் 2012இல் ‘இன்டு தி ஒயிட்’ என்ற படமாயிற்று. கொரியர்களின் ‘வெல்கம் டு டாங்மாக்கோல்’ (2005) வடக்கு, தெற்கு, அமெரிக்கா என்று முத்தரப்புச் சிப்பாய்களையும் ஒரு மலைக்கிராமத்தில் கொண்டுபோய் விட்டது. நாம் எதிரியோடு குடிசையைப் பகிரும் அளவுக்குக் கேட்கவில்லை. சொந்தப் படையினனோடு பகிர்ந்தால் போதும் என்கிறோம்.

கதை இல்லை என்று எவரேனும் சொன்னால் சியாச்சினைக் காட்டுவோம். 1984 ஏப்ரலிலிருந்து நம் படை அங்கே நிற்கிறது. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்த பிறகும் மலை மட்டும் கொல்வதை நிறுத்தவில்லை. குண்டுக்கு இறந்தவரைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இறந்தவரே அங்கு அதிகம். குடிக்கும் நீருக்கே பனிக்கட்டியை உருக்க வேண்டும். பனிப்பிளவுக்குள் விழுந்துவிடாதிருக்க ஒரே கயிற்றில் எல்லோரையும் கட்டிக்கொண்டு நடப்பார்கள். எவன் சாதி எது, மொழி எது என்று கயிறு கேட்பதில்லை, எடையைத்தான் கேட்கும். 2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்துச் சோனம் காவல்நிலை பனிச்சரிவில் புதைந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனோடு அங்கிருந்தவர்கள் பத்துப் பேர்: தமிழ்நாட்டார் நால்வர், கன்னட நாட்டார் மூவர், கேரளம், ஆந்திரம், மகாராட்டிரம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவர். ஐந்து மொழிகள், ஒரு பனிமேடு. ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் மட்டும் பனிக்கடியிலிருந்து உயிருடன் எடுக்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்தார். அவர் பெயரை நாடறிந்தது. நம் மாவட்டங்களைச் சேர்ந்த அந்த நால்வரின் பெயரை, இதைப் படிக்கும் நண்பர்களில் எத்தனை பேர் சொல்வீர்கள்? நாமும் தேடிப் பார்த்த பின்னரே அறிந்தோம். பெயர்களை இங்கே அடுக்கிப் புண்ணியம் தேடிக்கொள்ள விரும்பவில்லை. அந்தப் பத்துப் பேர் முந்தின நாள் மாலை அடுப்பைச் சுற்றி எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று யோசிக்கத் தெரிந்த ஓர் இயக்குநர் தமிழுக்கு வேண்டும்.

நம் மாணவி ஒருவரின் தந்தை ஓய்வுபெற்ற ஹவில்தார், சேலையூரில் இருக்கிறார். மலைமுகாம்களுக்குச் சுமை ஏற்றும் கோவேறு கழுதைகளோடு 17 ஆண்டுகள் கழித்தவர். ‘அமரன்’ பார்த்தீர்களா என்று கேட்டோம். “பார்த்தேன் சார். அழுதுட்டேன். ஆனா அந்த முகாம்ல லங்கர் எங்க சார்?” என்றார். லங்கர் என்பது சிப்பாய்களின் சமையற்கூடம். “ராத்திரி ரொட்டி போடறவன் யாரு, எந்த ஊருக்காரன், யாருக்குக் குழம்பு உறைக்கணும், யாருக்குக் கூடாது, இதெல்லாம் தெரிஞ்ச ஆபீசர் பின்னாடிதான் சார் நாங்க போவோம். அந்த மேஜருக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கும். படத்துலதான் காட்டல.”

சென்ற பருவத்தில் வடமொழி சொல்லி யானைக்குக் கவளம் ஊட்டும் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது அந்த மாணவி திடீரென்று சிரித்துவிட்டார். என்னம்மா என்றோம். “எங்கப்பா இப்பவும் தெருவுல மாடு மறிச்சா ‘சல், சல்’னு இந்தியிலதான் சார் விரட்டுவாரு. தமிழ்ல சொன்னா அதுக்குப் புரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு” என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. உரையாசிரியர்கள் எழுதியதை எல்லாம் மூடிவைத்துவிட்டு, அந்தக் கோவேறு கழுதைகளைப் பற்றி இன்னும் சொல்லச் சொன்னோம்.