வீடு நமது, சாவி எவரிடம்?

2025 ஆகஸ்டுத் திங்களில் கூகுள் நிறுவனம் ஓர் அறிவிப்பு விடுத்தது. அதன் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இனி எந்தச் செயலி ஏற வேண்டுமானாலும், அதை எழுதியவர் தம் பெயரையும் முகவரியையும் அடையாளச் சான்றையும் அந்த நிறுவனத்திடம் பதிந்து, 'சரி' என்ற முத்திரை பெற்றிருக்க வேண்டுமாம். பிளே ஸ்டோர் என்னும் கூகுளின் கடையில் சரக்கு வைப்பவருக்குத்தானே இந்த விதி? அதுதான் இல்லை! அந்தக் கடையின் வாசற்படியை மிதிக்காமல், தம் சொந்தத் தளத்தில் வைத்து, 'வேண்டியவர் எடுத்துக்கொள்க' என்று வாரி வழங்குபவருக்கும் இதே விதி. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் படிப்படியாக உலகெங்கும் என்று நாள் குறித்தே சொன்னார்கள்.

அமெரிக்கக் கம்பெனிக்கும் கணினி எழுதுவோருக்கும் உள்ள வழக்கு இது, பனியன் நகரத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. அவினாசிச் சாலையிலும் பல்லடம் சாலையிலும் காலை நேரத்தில் கம்பெனிக்குள் நுழையும் தோழர், தோழியர் கையில் இருப்பது என்ன? சோற்றுத் தூக்கு ஒரு கையில், கைப்பேசி ஒரு கையில். ஒன்றரை ஷிப்ட் உழைத்து, பீஸ் ரேட்டில் தைத்து, சனிக்கிழமை வாரக் கூலியில் மிச்சம் பிடித்து, தவணை கட்டி வாங்கிய கைப்பேசி! வீட்டுக்குப் பணம் அனுப்புவது அதில். ஒடிசாவுக்கு ரயில் டிக்கெட் போடுவது அதில். பிள்ளையின் பாடம் அதில், சூப்பர்வைசரின் ஓவர்டைம் செய்தி அதில். காசு கொடுத்தவர் பாட்டாளி. அதில் எது ஓடலாம், எது ஓடக்கூடாது என்று தீர்ப்புச் சொல்பவர் மட்டும் கலிபோர்னியாவில்! வீடு உன்னுடையது, சாவி என்னிடம் என்கிறார்.

திருப்பூர்க்காரர் ஒருவரிடம் ஓவர்லாக் எந்திரம் விற்க ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"மூடியைத் திறக்கக்கூடாது."

"ஏனுங்க, பழுதானா எங்க மெக்கானிக் பார்த்துக்குவாருங்க."

"கூடாது. எங்கள் ஆள்தான் பார்ப்பார். நாளைக்கு எத்தனை பீஸ் தைக்கிறீர்கள், எந்தத் துணி, யாருக்குப் போகிறது என்பதையெல்லாம் எந்திரமே எங்களுக்குச் சொல்லிவிடும். பிடிக்காத நூலைப் போட்டால் ஓடாது."

"அட, போங்க சாமி!"

வாசலோடு அனுப்பிவிடுவார் அல்லவா? மூடியைத் திறந்து பார்த்த ஊர் இது. பழைய எந்திரத்தை வாங்கிப் பிரித்து மாட்டியவர்கள், வந்த சாம்பிளைத் தையல் பிரித்துப் பார்த்துக் கற்றவர்கள், பேட்டர்ன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதைவிட நன்றாக வெட்டிக் காட்டியவர்கள் வாழும் ஊர். எந்திரத்தில் ஏற்காத நிபந்தனையை, அதே ஊர் கைப்பேசியில் மட்டும் ஏன் மூச்சுவிடாமல் ஏற்கிறது? மூடி இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் காரணம்.

அந்த மூடியைக் கண்டு முதலில் முகம் சுளித்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த அச்சு எந்திரம் அடிக்கடி தாளைக் கவ்விக்கொண்டு நின்றது. அதன் நிரலைக் கொடுத்தால் திருத்திக்கொள்வோம் என்று கேட்டார். கொடுக்க மறுத்தார்கள். துணியைத் தருவோம், பேட்டர்னைத் தரமாட்டோம் என்ற கதை! 1983இல் அவர் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். எந்தப் பயனுக்கும் இயக்கலாம், எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் மாற்றாததையும் பிறருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமையும் உள்ளதைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அந்த வழியில் வந்தது. இன்று ஒவ்வோர் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியிலும் ஓடுவது அந்த லினக்ஸ்தான்! அடித்தளம் ஊரார் சேர்ந்து போட்டது. மேல்மாடி கட்டியவர் மாடிக்குப் பூட்டுப் போட்டதோடு நிற்காமல், வாசல் கதவுக்கும் பூட்டுத் தேடுகிறார்.

இங்கே ஒரு சொல் மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஆங்கிலேயருக்கு இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல், அவர்கள் திண்டாடட்டும். தமிழில் இரண்டும் வேறு வேறு. இலவசமாய் வருவதெல்லாம் கட்டற்றது ஆகாது. இலவசமாய் வந்தவற்றில் கழுத்தில் கயிறு போட்டவையும் உண்டு. கடன் செயலிகளை நினைத்துப் பாருங்கள்! இறக்கக் காசு வேண்டாம். ஐயாயிரம் ரூபாய் ஐந்தே நிமிடத்தில் என்றார்கள். நிறுவும்போதே தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டார்கள். அவசரத்தில் இருந்தவர் அழுத்திவிட்டார். தவணை தவறியதும் அண்ணனுக்கும் மாமனாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் வசை போயிற்று. படத்தை ஒட்டி வெட்டி மானத்தை வாங்கினார்கள். 2021இல் ரிசர்வ் வங்கியின் பணிக்குழு எண்ணிப் பார்த்தபோது சுமார் 1,100 கடன் செயலிகள் கண்ணில் பட்டன. அவற்றுள் சுமார் 600 சட்டத்துக்குப் புறம்பானவை. கட்டற்ற செயலியில் மூலநிரல் ஊரறியக் கிடக்கிறது. எந்தத் தகவலை எங்கே அனுப்புகிறது என்று தெரிந்தவர் எவரும் படித்துச் சொல்லலாம். களவு நடக்கவே நடக்காது என்று நாம் உறுதி கூறவில்லை. விளக்கு எரிகிற வீட்டில் களவு கடினம்.

சரி, தொடங்குவது எங்கே? எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கி எறியச் சொல்லவில்லை. வங்கிச் செயலிகள் கட்டற்றவை அல்ல. அவை இப்போதைக்கு இருந்துவிட்டுப் போகட்டும். வாட்ஸ்அப்பை விட்டால் கம்பெனிச் செய்தி வராது. ஆனால் விசைப்பலகையை மாற்ற எவர் தடை? கடவுச்சொல், காதல் கடிதம், கடன் கணக்கு — விரலால் தட்டுவது அனைத்தும் முதலில் கடந்து செல்லும் சுங்கச்சாவடி விசைப்பலகை! ஹெலிபோர்டு என்றொரு கட்டற்ற விசைப்பலகை உண்டு. இணையத்தைத் தொடும் அனுமதியே அது கேட்பதில்லை. கேட்காதது எங்கே போய்க் கோள் மூட்டும்? மலையாளத் தோழர்களின் முயற்சியில் வளர்ந்த இண்டிக் கீபோர்டு இன்னொன்று. தமிழும் ஒடியாவும் வங்காளமும் இந்தியும் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே மேசையில் தைப்பவரும் செக்கிங் பார்ப்பவரும் தத்தம் தாய்மொழியில் எழுதிக்கொள்ளலாம். எவர் மொழியும் எவர் தலையிலும் ஏறி உட்காரவில்லை.

தமிழ்99 முறையில் தட்டப் பழகுவோருக்கு ஒரு சொல். உயிரெழுத்து இடப்பக்கம், மெய்யெழுத்து வலப்பக்கம். ஒரு வாரம் தடுமாறும், பிறகு விரல் ஓடும். 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்பளித்த முறை அது. எந்திரத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று பெரியார் 1935இல் குடி அரசு ஏட்டிலேயே சீர்திருத்த எழுத்தை அச்சேற்றினார்; அரசு ஆணை வந்தது 1978இல். நாற்பத்து மூன்று ஆண்டு! நம்மவர் வேகம் அப்படி.

அடுத்து, படமும் பாட்டும் பார்க்க வி.எல்.சி. பாரிசு மாணவர்கள் தொடங்கியது; விளம்பரம் கிடையாது. உலாவ பயர்பாக்ஸ், அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பைச் சேர்த்துக்கொண்டால் விளம்பரம் விழுங்கும் டேட்டா மிச்சம். இவ்விரண்டும் பிளே ஸ்டோரிலேயே கிடைக்கின்றன, அஞ்ச வேண்டியதில்லை. வழி காட்ட ஆர்கானிக் மேப்ஸ் உண்டு. 2004இல் பிறந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தை அது பயன்படுத்துகிறது. ஒருமுறை இறக்கினால் இணையம் இல்லாமலே ஓடும். பெரிய கம்பெனி வரைபடத்தில் பெயரில்லாத சந்து, லைன் வீடு, தண்ணீர்க் குழாய் எதையும் அந்தச் சந்தில் குடியிருப்பவரே இந்தப் பொது வரைபடத்தில் சேர்க்கலாம்.

பீஸ் கணக்கு எழுத ஒரு குறிப்பேட்டுச் செயலியும் வேண்டும். இதை நாம் சிறிதாக எண்ணவில்லை. நாளுக்கு எத்தனை பீஸ், எந்த ரேட், எத்தனை மணிக்கு ஷிப்ட் முடிந்தது என்று தன் கையால் எழுதி, தன் கைப்பேசியிலேயே வைத்திருக்கும் தொழிலாளியிடம் சனிக்கிழமை மாலை, 'கணக்கில் இவ்வளவுதான் வருகிறது' என்று காண்டிராக்டர் எளிதில் சொல்ல முடியாது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊரில் கணக்கின் அருமையைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

இத்தகைய செயலிகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருப்பது எப்-டிராய்டு. 2010 முதல் நடக்கும் கடை. விலை இல்லை, கணக்குத் தொடங்க வேண்டாம், பெயர்கூடக் கேட்பதில்லை. எழுதியவரின் மூலநிரலைப் பெற்று, பெரும்பாலும் தாமே கட்டித் தருகிறார்கள். ஒரு செயலி ஆளை வேவு பார்க்குமானால் அதைப் பக்கத்திலேயே எழுதி வைக்கிறார்கள். தன் சரக்கின் குறையைத் தானே எழுதி ஒட்டும் வேறு கடை எது? அதன் தளத்துக்குச் சென்று இறக்க வேண்டும். அறியாத இடத்துச் செயலியை ஏற்கலாமா என்று கைப்பேசி கேட்கும்; உலாவிக்கு ஒருமுறை அனுமதி கொடுத்து, நிறுவி முடித்ததும் அந்த அனுமதியைத் திரும்ப மூடிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் ஏ.பி.கே. கோப்பை மட்டும் தொடவே கூடாது. அழைப்பிதழைத் திறந்தவரின் வங்கிக் கணக்கு காலியான செய்திகள் நாட்டில் பல வந்துவிட்டன.

"அதைத் தடுக்கத்தானே நாங்கள் வந்தோம்!" என்கிறது கூகுள். வெளியிலிருந்து இறக்கும் செயலிகளில் கெடுமதிச் செயலிகள் பிளே ஸ்டோரில் உள்ளதைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் என்று கணக்குக் காட்டுகிறது. ஆபத்து உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை 2,200க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை கூகுள் நீக்கியதாக நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்னது. எங்கிருந்து நீக்கியது? அதே பிளே ஸ்டோரிலிருந்து! காவலர் நின்ற வாசல் வழியாகத்தான் கந்துவட்டி உள்ளே வந்தது. அந்தக் காவலர், எல்லா வீட்டு வாசலுக்கும் நானே காவல் என்றால் என்ன நியாயம்? இந்த விதி அப்படியே நடைமுறைக்கு வந்தால் எங்கள் கடை முடிந்தது என்று 2025 செப்டம்பரில் எப்-டிராய்டு அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தது, நவம்பரில் கூகுள் சற்றே இறங்கி வந்து, விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கைகளைத் தாண்டி நிறுவிக்கொள்ள ஒரு வழி வைப்போம் என்றது. குரல் கொடுத்தால் அசைகிறார்கள் என்பதற்கு அது சான்று. விவரம் தெரிந்தவர் யார் என்று முடிவு செய்யும் உரிமையை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள்.

இந்திய நாட்டின் சட்டம் என்ன செய்தது? 2022 அக்டோபர் 20இல் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றிக் கட்டளைகளும் இட்டது. வெளியிலிருந்து செயலி நிறுவுவதைத் தடுக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்தியது. நான்கு கட்டளைகளை நீக்கியது. நீங்கிய நான்கில் இதுவும் ஒன்று! காசு வாங்கும் கட்டளை நின்றது. கதவைத் திறக்கும் கட்டளை போயிற்று. வழக்கு உச்சநீதிமன்றப் படியும் ஏறியது. 2027 என்று நாள் குறித்தபின் ஆணையம் அந்தக் கோப்பை மறுபடி திறக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எழுப்பவேண்டிய கேள்வி இது.

மாநில அரசுக்கும் சொல்ல உண்டு. 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அதைத் திறந்து காட்டிய வகுப்பறைகள் எத்தனை? கேரளப் பள்ளிகளோ வெகு காலத்துக்கு முன்பே கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டன. தமிழில் படிக்க வழியில்லை என்றும் சொல்ல முடியாது. 2012 முதல் கணியம் என்னும் மின்னிதழ் இதையே எழுதி வருகிறது, விலையின்றி.

ஒரு காலத்தில் ஏடு ஒன்று வந்தால், முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். தாள் கிழியும்வரை கை மாறியது. கட்டற்ற செயலியும் அப்படிக் கை மாறவே எழுதப்பட்டது. கொடுப்பது குற்றமில்லை, உரிமை. திருப்பூரின் தொழிற்சங்க அலுவலகங்களில் நாற்காலி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, விவரமறிந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். பல கம்பெனிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்தால், விசைப்பலகையில் தொடங்கலாம்.