காலுக்கேற்ற மத்தளம்

சித்தாண்டிச் சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் மயிற்கட்டுத் திருவிழாவைக் காணச் சென்றிருந்தபோது, அவ்வூரில் உறவினர் இல்லத்தில் ஓரிரவு தங்க நேர்ந்தது. அவ்வீட்டு மகன் மாணவன். கணினியில் இசையமைப்பதில் பேரார்வம் உடையவன். தன் பாட்டனார் வடமோடிக் கூத்தில் ஆடியதைப் படம்பிடித்து, மூன்று நிமிடக் காணொளியாக ஆக்கி வைத்திருந்தான்.

முதலில் வாவிக்கரை, ஊர்ப்பாதை, சனக்கூட்டம் என்று காட்சிகள் நகரும். அவற்றிற்கு அவனே அமைத்த இசை ஒலிக்கும். அவ்விசை உச்சத்தை எட்டும் கணத்தில் பாட்டனாரின் முதல் அடி களரியில் விழும். எல்லோரும் மெச்சினோம். பாட்டனார் மட்டும் திரையை உற்றுப் பார்த்து, “மனே, தூக்கின கால் எங்கே?” என்று கேட்டார்.

பையன் விழித்தான். நடந்தது இதுதான். ஆதி தாளத்தில் ஐந்து ஆவர்த்தனங்கள், அதாவது 40 அட்சரங்கள், நிமிடத்திற்கு 100 என்ற கதியில் அவன் இசை அமைத்திருந்தான். அது 24 செக்கன்களில் முடிந்துவிடும். பாட்டனாரின் கால் நிலத்தைத் தொடுவதோ 25ஆம் செக்கனில். அந்த ஒரு செக்கன் முரண்பாட்டைத் தீர்க்க, படத்தில் ஒரு செக்கனை வெட்டிவிட்டான். வெட்டுண்டது, கால் உயர்ந்து அந்தரத்தில் நின்ற செக்கன். ஆடுவோனுக்கு அடியில் பாதி அதுதானே!

இசைக்காகப் படத்தை வெட்டுவது எளிது; ஆகையால் பலரும் அதைச் செய்கிறார்கள். கூத்துக் களரியில் இந்த வழக்கம் இல்லை. அண்ணாவியார் மத்தளத்தோடு களரி நடுவில் நிற்பார். கண் ஆடுவோனின் காலில் இருக்கும். கால் இறங்குமிடத்திற் கை இறங்கும். ஊமைப்படக் காலத்தில் திரையருகே அமர்ந்து வாத்தியம் இசைத்தவர்களும் இவ்வாறே காட்சியைப் பார்த்து வாசித்தவர்கள். 1931இல் ‘காளிதாஸ்’ தமிழிற் பேசத் தொடங்கிய பின்னர், அத்தொழில் மெல்ல மறைந்தது. அமெரிக்காவில் மாக்ஸ் ஸ்டைனர் என்ற இசையமைப்பாளர், 1933இல் வெளிவந்த ‘கிங் கொங்’ படத்தில் தீவுத் தலைவன் நடந்துவரும் அடிகளுக்கு இசையின் அடிகளைப் பொருத்தினார். அக்காலத்தில் படச்சுருளில் துளையிட்டு, ‘டிக்’ என்ற ஒலி எழச் செய்து, அதைக் காதிற் கேட்டபடி வாத்தியக் குழுவை நடத்தும் முறையும் இருந்தது. செக்கனுக்கு 24 பிரேம்கள் ஓடும் சுருளில் 12 பிரேம்களுக்கு ஒரு துளையென இட்டால், நிமிடத்திற்கு 120 தட்டு கிடைக்கும். வெறும் பள்ளிக்கூடக் கணக்கு!

அதே கணக்கை அன்றிரவு நாங்களும் போட்டோம். 25 செக்கன்களுக்குள் 40 அட்சரங்கள் அடங்க வேண்டுமானால் நிமிடத்திற்கு எத்தனை? 96. ‘ரீப்பர்’ போன்ற மென்பொருள்களில் படத்தையும் கூடவே ஓடவிட்டு, கால் விழும் இடத்தில் ஓர் அடையாளம் இட்டு, கதியை 100இலிருந்து 96ஆகக் குறைத்தால் வேலை முடிந்தது. இந்தக் குறைவைச் சாதாரணக் காது அறியாது. வெட்டிய செக்கனும் திரும்பிவிட்டது. ஆனால் இசை சுரக்குறிப்பாகவே கணினியில் இருந்தமையால் இது எளிதாயிற்று. ஒலியாகப் பதிந்துவிட்ட மத்தளத்தை அதிகம் இழுத்தால் அடியின் கூர்மை மழுங்கும். ஆகவே கதியை முதலில் தீர்மானித்துப் பின்னர் பதிவதே நலம்.

அடுத்து ஆட்டம். அதற்கும் பையன் தன் இசையையே பூசியிருந்தான். அதை நீக்கி, படத்தோடு பதிவான மத்தளத்தைத் திரும்ப வைத்தோம். அப்போதும் அடி ஒருபுறம், ஓசை ஒருபுறமாக நின்றது. கூட்டத்தின் காரணமாக ஏறத்தாழ 70 மீற்றர் தூரத்திலிருந்து படம் பிடித்தானாம். ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் செல்லும். எனவே மத்தளம் ஐந்தில் ஒரு செக்கன் பிந்திவிட்டது. செக்கனுக்கு 25 பிரேம்கள் என்ற கணக்கில் இது 5 பிரேம். ஒலியை அவ்வளவு முன்னே நகர்த்தியதும் காலும் கையும் கூடின. அதற்கு மேல் நகர்த்தலாகாது. ஒலி முந்தினால் மனிதன் விரைவில் கண்டுகொள்வான். பிந்தினால் சற்றே பொறுப்பான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லிசெக்கன் அளவு முந்தினாலே தெரிந்துவிடும். பிந்தினாலோ 125 வரை தெரியாது. மின்னலுக்குப் பின் இடியைக் கேட்டே பழகிய காதல்லவா?

பாட்டனாரை மீண்டும் அழைத்துக் காட்டினோம். ஓரிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அங்கே மத்தளம் ஓர் அடி தவறியிருந்தது. “அதையும் சரியாக்கலாம் அப்பா, ஒரு நிமிட வேலை,” என்றான் பையன்.

“வேணாம் மனே. விடிய விடிய அடிச்ச கை. அது அப்படியே கிடக்கட்டும்,” என்றார் கிழவர்.