பொதியுறையில் தமிழ் எங்கே?

குடல் நோய்களுள் ஒருசாரனவற்றுக்கு மருந்து மருந்துக்கடையில் இல்லை; மளிகைக் கடையிலும் அடுக்களையிலுமே இருக்கின்றது. உண்ணத் தக்கது இது, தகாதது இது எனப் பிரித்தறிந்து உண்பதே அங்கு மருத்துவம். அங்ஙனமாயின், உண்பொருளின் உறைமேல் எழுதியுள்ளதைப் படித்தறிய இயலாத நோயாளி, மருந்து மறுக்கப்பட்ட நோயாளியே ஆவான். தமிழ் மண்ணில், தமிழ் படிக்கத் தெரிந்த தமிழனுக்கு இம்மறுப்பு நாள்தோறும் நடக்கின்றது. மொழிச் சிக்கலைப் பள்ளியோடும் கோயிலோடும் வழக்குமன்றத்தோடும் நிறுத்திக்கொண்டோம். அஃது உண்கலத்தில் இறங்கிக் குடலுக்குள்ளும் புகுந்துவிட்டதை நாம் இன்னும் காணவில்லை.

முதலில் கோதுமை நோயை எடுத்துக்கொள்வோம். கோதுமை, வாற்கோதுமை, மேனாட்டு ரை ஆகிய மூன்று கூலங்களிலும் மாவைப் பசையாக்கும் புரதம் உண்டு. பிசைந்த மாவு இழுத்தால் நீள்வது அதனால்தான். ஆங்கில மருத்துவர் அதனைக் குளூட்டன் என்பர். பிறப்புவழியாக இந்நோய்க்கு ஆளாகத்தக்க சிலர்க்கு, அப்பசைப்புரதம் உட்சென்றதும், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே தன் குடலைத் தாக்கத் தொடங்குகின்றது. சிறுகுடலின் உட்சுவரில் பட்டு நூல்கள்போல் அடர்ந்து நின்று ஊட்டங்களை ஈர்த்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. பின்னர் அக்குழந்தை எதனை உண்டாலும் உடலில் ஒட்டுவதில்லை. வயிறு பருக்கும், கைகால் மெலியும், வளர்ச்சி நிற்கும், கழிச்சல் ஓயாது. பெரியவர்க்கு நோய் இத்துணை வெளிப்படையாகத் தோன்றாது. இரும்பு மருந்து உண்டும் தீராத குருதிச்சோகையாக மட்டுமே தலைகாட்டுதலும் உண்டு.

இதன் வரலாறே உணவுதான் மருந்து என்பதற்குச் சான்று. நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் திக்கே என்பார் ரொட்டியின்மீது முன்பே ஐயம் கொண்டிருந்தார். 1944-45 பனிக்காலத்தில் போரினால் அந்நாடு பட்டினியில் வாடியது. ரொட்டியே கிடைக்காத அந்நாள்களில் இந்நோய்க் குழந்தைகள் தேறினர்; ரொட்டி மீண்டும் வந்ததும் நோயும் மீண்டது. 1950இல் தம் ஆய்வேட்டில் கோதுமையே குற்றவாளி என்று நிறுவினார். அன்று தொட்டு இன்றுவரை மருத்துவம் ஒன்றே: அம்மூன்று கூலங்களையும் வாழ்நாள் முழுதும் விலக்குதல்.

இந்நோய் வட இந்தியாவில் மிகுதி, தென்னாட்டில் அரிது. அரிசியும் கேழ்வரகும் கம்பும் சோளமும் தினையும் வரகும் சாமையும் இந்நோயாளிக்குத் தீங்கற்றவை. நம் பழைய உணவிலேயே பாதி மருத்துவம் முடிந்துவிடும். ஆனால் பகை பெயர் மாற்றிக்கொண்டு அடுக்களைக்குள் வருகின்றது. இரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமை என்பதேனும் பலர்க்குத் தெரியும். கூட்டுப் பெருங்காயத்தில் மாவு இருப்பது எத்தனை இல்லங்களுக்குத் தெரியும்? கலப்பற்ற பெருங்காயப் பிசின் மிகக் கடுமையானது. ஆதலின் மாவு கலந்தே விற்கின்றனர். பலவற்றில் கலப்பது கோதுமை மாவே. சாம்பாரிலும் மிளகுநீரிலும் ஊறுகாயிலும் அது புகுகின்றது. வலிமை தரும் என்று பாலில் கலக்கும் மால்ட் மாவுகள் வாற்கோதுமையினின்று வருகின்றன. தாய் சோறுதான் ஊட்டுகின்றாள், நோய் தீரவில்லை, ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை.

அறிய வழியுண்டா? உண்டு. உறைமேல் அச்சிட்டிருக்கின்றது. 2020ஆம் ஆண்டின் உணவுப் பொதியுறை ஒழுங்குமுறைகளின்படி, பசைப்புரதம் உள்ள கூலங்கள், பால், நிலக்கடலை போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் உணவில் இருப்பின் அதனை உறைமேல் தனியே கூறவேண்டும். பசைப்புரதம் அற்றது என்று எழுதவேண்டுமாயின் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தல் கூடாது. நல்ல ஆணைதான், குறை கூறவில்லை. ஆனால் அதே ஒழுங்குமுறை, இவ்விளத்தங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலமைந்த இந்தியிலோ இருத்தல் வேண்டும் என்கின்றது. பிற மொழிகளிலும் கூடுதலாக எழுதிக்கொள்ளத் தடையில்லையாம்! தடையில்லை என்பது உரிமையா? தன் ஊரில், தன் பணத்தில், தன் குழந்தைக்கு உணவு வாங்கும் தமிழச்சிக்கு அவள் மொழி, வணிகன் விரும்பினால் வழங்கும் ஈகைப்பொருளா? ஆங்கிலமும் இந்தியும் அறியாதவள் அவ்வுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பயனென்ன?

என்பால் பயின்ற மாணவன் ஒருவனுக்கு இந்நோய் உண்டெனக் கண்டனர். அவன் தாயின் கையில் மருத்துவமனையார் ஓர் உணவுத்தாளைக் கொடுத்தனுப்பினர். இரண்டு பக்கம், மருந்துக்கு ஒரு சொல்லும் தமிழில்லை. அவ்வம்மையார் நாளேட்டை நாள்தோறும் படிப்பவர், கல்லாதவர் அல்லர். யாரோ ஒருவரிடம் படிக்கக் கேட்டிருக்கின்றார். விலக்கவேண்டிய கூலங்களின் வரிசையில் இருந்த 'ரை' என்பதை அவர் 'ராகி' என்று சொல்லிவிட்டார். பையனுக்கு நன்மை செய்திருக்கவேண்டிய கேழ்வரகுக் கூழ் அன்றோடு நின்றது. உடற்சூடு தணியட்டும் என்று வாற்கோதுமைக் கஞ்சி கொடுத்துவந்தார், அது நிற்கவில்லை. "ஐயா, சொன்னபடிதானே செய்கிறேன், பிள்ளை ஏன் தேறவில்லை?" என்று அத்தாளை என் மேசைமேல் விரித்தபோது நான் மருத்துவன் அல்லேன், தமிழாசிரியன். ஆயினும் அன்று அப்பையனுக்கு வேண்டியிருந்தது மருத்துவம் அன்று, மொழிபெயர்ப்பு.

ஓர் அரிய நோய்க்காக இவ்வளவு முழக்கமா என்பீர். அரிதல்லாத ஒன்றைப் பார்ப்போம்: குழந்தைகளின் வயிற்றுப்போக்கு. கழிச்சலில் குடல் நீரை இழந்துகொண்டிருக்கும்போதும், உப்பும் குளுக்கோசும் அளவாகச் சேர்ந்து வந்தால் அவ்விரண்டையும் ஒருசேர ஈர்த்துக்கொள்ளும் வாயில் குடற்சுவரில் திறந்தே இருக்கின்றது. அவற்றின் பின்னே நீரும் உட்செல்கின்றது. 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பங்காவ் ஏதிலியர் முகாமில் கழிச்சல் பரவியபோது, மருத்துவர் திலீப் மகாலனாபிசு இவ்வுப்புக் கரைசலையே குடங்குடமாகக் கலந்து குடிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நான்கிற்கும் கீழே வந்தது. 2002 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் அளவு, ஓர் இலிட்டர் நீருக்குக் கறியுப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொட்டாசிய உப்பு 1.5 கிராம், சிட்ரேட்டு உப்பு 2.9 கிராம். ஆகமொத்தம் ஒரு கைப்பிடிக்கும் குறைந்த தூள்.

அத்தூள் நம் கடைகளில் இருவகைப் பொதியாக விற்கப்படுகின்றது. ஒன்று ஓர் இலிட்டருக்கு; மற்றொன்று 200 மில்லிலிட்டருக்கு. பெரிய பொதியைச் சிறு குவளையில் கரைத்தால் குருதியில் உப்பு மிகுந்து குழந்தையின் மூளைக்கே கேடு. சிறு பொதியைக் குடநீரில் கரைத்தால் பயனில்லை. எந்தப் பொதிக்கு எவ்வளவு நீர் என்னும் அவ்வொரு வரியைத் தாய் தன் மொழியில் படிக்க முடியவில்லையெனில், உயிர் காக்கும் தூளும் உயிரோடு விளையாடும் தூளாகும்.

இன்னொரு கொடுமையும் நடந்தது. ஓ.ஆர்.எசு. என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, சருக்கரை மிகுந்த இன்சுவை நீர்களை வணிகர் விற்றனர். சருக்கரை மிகுந்த நீர் குடலினின்று மேலும் நீரை வெளியே இழுக்கும், கழிச்சல் கூடும். 2025ஆம் ஆண்டு அக்டோபரில்தான் நடுவண் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரை நீக்குமாறு ஆணையிட்டது. பொருள் விளங்காத எழுத்துக்குறி ஆதலாலன்றோ எவர் வேண்டுமாயினும் அதனை எடுத்து ஒட்டிக்கொள்ள முடிந்தது? 'உப்புச் சருக்கரைக் கரைசல்' என்று எழுதியிருந்தால், உப்பெங்கே என்று எந்தக் கிழவியும் கேட்டிருப்பாள்.

கழிச்சல் கண்டால் குழந்தைக்கு உணவை நிறுத்தும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. பட்டினியே பெருமருந்து என்னும் வடமொழிப் பழமொழியை இதற்குத் துணைக்கு அழைக்கின்றனர். வள்ளுவர் முன்னுண்டது அற்றபின் உண்ணச் சொன்னாரேயன்றி, வாடும் குழந்தையைப் பட்டினி போடச் சொல்லவில்லை. தாய்ப்பாலை நிறுத்தலாகாது, கஞ்சியும் குழைந்த சோறும் தரலாம், பத்து முதல் பதினான்கு நாள் துத்தநாக மருந்தும் தரவேண்டும் என்பதே இன்றைய மருத்துவம்.

கஞ்சி என்றதும் நகுவார் உளர். ஆங்கிலர் 'காஞ்சி' என்று தம் அகரமுதலியில் எழுதிவைத்திருப்பது நம் சொல்லே என்பதை அவர்கள் அறியார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் இராமகிருட்டிணா முதலியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், எளிதிற் செரியாத மாவுப்பொருளை உப்புக் கரைசலில் சேர்த்துக் கொடுத்தபோது வாந்திபேதியில் கழிச்சல் விரைவில் நின்றதைக் காட்டினர். செரியாத மாவு பெருங்குடலை அடைய, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து காடிகளாக்க, அக்காடிகளோடு உப்பையும் நீரையும் பெருங்குடல் ஈர்த்துக்கொள்கின்றது. இதனைக் கொண்டு பழைய சோறு எல்லா நோயையும் தீர்க்கும் என்று மேடையில் முழங்குவார்க்கு நான் உடன்படேன். மேலே சொன்ன ஆய்வில் சேர்த்தது மக்காச்சோள மாவு, பழஞ்சோறன்று. நம் பெருமையைப் பொய்யின்மேல் கட்டவேண்டுவதில்லை.

அதே வேலூரில்தான் 1960களில் பேக்கர், மாத்தன் முதலிய மருத்துவர்கள் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் பரவிய மற்றோர் ஊட்டமுறிஞ்சாக் கழிச்சலை ஆய்ந்தனர். போலிக் காடி, பி12 உயிரூட்டம், நுண்ணுயிர்க்கொல்லி ஆகியன கொண்டு அதனைத் தீர்க்கும் முறை இன்று உலகப் பாடநூல்களில் உள்ளது. அவ்வாய்வுகள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. உலகம் அறிய அது வேண்டியதே. ஆயின் நோயுற்ற உடலைக் கொடுத்தவன் தமிழ் உழவன். அவன் பேரனுக்கு அவ்வறிவு ஏன் தமிழில் திரும்பி வரவில்லை?

சொல் இல்லை என்பர். இது பழைய பொய். கோதுமை நோய்க்கு ஆங்கிலர் இட்ட 'சீலியாக்' என்பது வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல். குளூட்டன் என்பது இலத்தீனில் பசை, அவ்வளவே. வேலூரில் ஆய்ந்த கழிச்சலின் பெயரான 'சுப்புரூ' தச்சு நாட்டார் வீட்டுச் சொல். அவர்கள் வயிறு என்றும் பசை என்றும் தத்தம் எளிய சொல்லால் பெயரிட்டது அறிவியல். நாம் வயிறு என்றும் பசை என்றும் சொன்னால் மட்டும் அது நாட்டுப்புறமா? நம் சித்த மருத்துவரும் இதில் தூயர் அல்லர்; செரியாக் கழிச்சலைக் 'கிராணி' என்னும் வடசொல்லால் வழங்கி, கேட்போரை மருட்டியவரே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1860களில் ஆங்கில மருத்துவத்தையே தமிழில் கற்பித்து, முப்பதின்மருக்கு மேற்பட்டோரைத் தமிழ்வழி மருத்துவராக்கினார். கடல்கடந்து வந்த அயலார்க்கு அன்று இயன்றது, தமிழ்ப் பாலுண்டு வளர்ந்த மருத்துவர்க்கு இன்று இயலாதாம்!

கணையம் கெட்டவர்க்குக் கொடுக்கும் நொதிச் சிமிழை உணவோடு விழுங்கவேண்டும்; வெறும் வயிற்றில் விழுங்கினால் வீண். பாற்சருக்கரை ஒவ்வாதவர்க்குப் பால் ஆகாது; தயிரும் மோரும் பெரும்பாலும் ஒவ்வும். இவற்றைத் தமிழில் எழுத எந்தக் கலைச்சொல் தடையாக நிற்கின்றது?

நடுவண் அரசின் ஒழுங்குமுறையில் 'ஆங்கிலத்திலோ இந்தியிலோ' என்னும் தொடரோடு, விற்கும் மாநிலத்தின் மொழியிலும் என்பது கட்டாயமாகச் சேர்க்கப்படல் வேண்டும். ஒவ்வாமை பற்றிய வரியும் கரைக்கும் நீரின் அளவும் முதலில் தமிழாகட்டும். மற்றவை பின்னர் வரட்டும். தமிழ்நாட்டரசு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தன் மருத்துவமனைகளில் கொடுக்கும் உணவுத்தாள் ஒவ்வொன்றும் தமிழில் இருத்தல் வேண்டும் என்று ஆணையிட எவர் இசைவும் தேவையில்லை.

இவ்விதழைப் படிக்கும் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் மருத்துவமனைக்குச் சென்று, அங்குக் கொடுக்கும் உணவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவர் ஒருவரை அருகில் இருத்திக்கொண்டு தமிழாக்குங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். 'ரை' என்பதற்கு நேரே 'இது கேழ்வரகு அன்று' என்று மறவாது எழுதுங்கள், பெருங்காயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.