எண்ணூர்ப் பிள்ளைகளின் புத்தகத்தில் எண்ணூர் வேண்டும்

சிறார் நூல்களில் அரசியல் கூடாது என்ற குரல், தமக்குப் பிடிக்காத அரசியல் ஒரு நூலில் தென்படும்போதுதான் பெரும்பாலும் எழுகிறது. கருத்தியல் எனப்படுவது கட்சிக் கொள்கையோடு முடிந்துவிடுவதில்லை; உலகம் இப்படித்தான் இயங்க வேண்டும் என்று ஒரு சமூகம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கும் எண்ணங்கள் யாவும் அதில் அடங்கும். கதையில் அம்மா எப்போதும் அடுப்படியில் நிற்பதும், ராஜா எப்போதும் நல்லவராக இருப்பதும், ஏழை பொறுமையால் மட்டுமே பரிசு பெறுவதும் அரசியலே. பழகிப்போனதால் அவை எவர் கண்ணையும் உறுத்துவதில்லை.

தமிழில் பிள்ளைகளுக்கு எழுதியவர்கள் அரசியலை விலக்கி வைத்ததும் இல்லை. நூறாண்டுக்கு முன்பே பாரதியார் பாப்பாவை நோக்கிப் பாடுகையில், சாதிப் பிரிவினையை மறுக்கவும் கொடுமை செய்பவரைத் துணிந்து எதிர்க்கவும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டனுப்ப, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மலிவு விலையில் விற்ற சோவியத் நூல்களில் உழைப்பவரே உயர்ந்தவர் என்ற கருத்தியல் வெளிப்படையாக இருந்தது. ஸ்டாலின் காலத்துச் சிறை முகாம்களைப் பற்றி அவை வாய் திறக்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் அவற்றைப் படித்த பிள்ளைகள் எல்லாரும் பொதுவுடைமையர் ஆகிவிடவில்லை, அவர்களுள் பலர் நல்ல வாசகர் ஆனார்கள்.

கருத்தியலை வெளிப்படையாகச் சொல்வதைவிட, பிடிக்காததை மறைப்பதால் விளையும் கேடு பெரிது. ஆட்சி மாறிய 2011-இல், சமச்சீர்க் கல்விப் பாடநூல்களில் முந்தைய முதல்வர் தொடர்பான பகுதிகள் மேலே காகிதம் ஒட்டியும் மை பூசியும் மறைக்கப்பட்டன. புதிய அரசு நிறுத்திவைத்த அத்திட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 9 அன்று ஆணையிடும் வரை பிள்ளைகள் பாடநூல் இல்லாமலே வாரக்கணக்கில் வகுப்பில் அமர்ந்திருந்தனர். ஒட்டிய காகிதத்தைக் கிழித்துப் பார்க்காத பிள்ளை உண்டா? அன்று அவர்கள் கற்ற அரசியல் பாடம், ஆட்சியில் இருப்பவருக்குப் பிடிக்காததை அழித்துவிடலாம் என்பதே. இதற்கு நேர் எதிரான வழியில் விஷ்ணுபுரம் சரவணன் எழுதிய 'கயிறு' என்னும் சிறார் கதை, மணிக்கட்டில் கட்டப்படும் சாதிக் கயிற்றைப் பிள்ளைகளுக்கு எட்டும் மொழியில் பேசியது. நாங்குநேரியில் பள்ளி மாணவர் சாதியின் பேரால் வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் அளித்த அறிக்கையில் அந்தக் கயிற்றைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. பிள்ளையின் கையில் சாதியைக் கட்டுவது அரசியலாகத் தோன்றாமல், அதைப் பற்றிக் கதை எழுதுவது மட்டும் அரசியலாகத் தோன்றுமானால் கோளாறு கதையில் இல்லை.

சிறார் நூலில் அரசியல் இருக்கலாமா என்ற கேள்வி வடசென்னையின் எண்ணூரில் இன்னும் கூர்மையாகிறது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில், பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரின் பிள்ளைகளும், வலை வீசும் மீனவரின் பிள்ளைகளும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு மேடாவதைப் பார்த்தே வளர்கிறார்கள். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியதால் கரையொதுங்கிய எண்ணெய்க் கசடை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் படகிலும் வலையிலும் அப்பியது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள்.

இதையெல்லாம் கண்ட பிள்ளைக்கு, புகைபோக்கியை வளர்ச்சியின் சின்னமாக மட்டும் காட்டும் படக்கதை நடுநிலையான நூல் ஆகாது. ஆலை என்றாலே அரக்கன் என்று எழுதுவதும் முழு உண்மை ஆகாது; ஒரே வகுப்பில் ஒருவனின் தந்தை படகுக்காரராகவும் அடுத்தவனின் தந்தை அதே மின்நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகவும் இருக்கக்கூடிய ஊர் அது. அந்த இரு பிள்ளைகளும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் கதையே எண்ணூருக்குத் தேவைப்படுகிறது. முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டு அதைச் சொல்ல ஒரு குருவியையும் முயலையும் தேடும் பிரச்சாரக் கதை எந்த அணியிலிருந்து வந்தாலும் பிள்ளைகள் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள். மாற்றிச் சிந்திக்கவும் ஆசிரியரோடு முரண்படவும் பிள்ளைக்கு இடம் தருகிறதா என்பதே சிறார் நூலுக்குரிய அளவுகோல்.

பள்ளிக் கல்வித் துறை 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' ஆகிய சிறார் இதழ்களை வெளியிடுகிறது. வாசிப்பு இயக்கத்தின் மூலம் சிறு நூல்களையும் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்கிறது. கழிமுகத்தையும் அதன் மக்களையும் நேர்மையாகப் பேசும் கதைகளை அவற்றில் தொடர்ந்து வெளியிட வேண்டும். அப்பகுதிப் பிள்ளைகளையே எழுதவும் வரையவும் அழைக்க வேண்டும். எந்த அரசு வந்தாலும், ஒரு சிறார் நூலை விலக்குவதற்கு முன் அதற்கான காரணத்தை எழுத்தில் வெளியிடுவதை விதியாக்க வேண்டும்.